பத்து நிமிஷப் புகை

எங்கள் தெருவில் காலை ஆறு மணிக்கு ஒரு நிறம் உண்டு. எந்த வீட்டுப் பாவு அன்றைக்கு வெளியே வந்திருக்கிறதோ, அந்த நிறம். பாவு என்றால் பட்டுச் சேலையில் நீளவாட்டில் ஓடும் இழைகள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அவற்றைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, குறுக்கே குச்சிகள் கோத்து, கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, வெங்காயத்தோல் என்று ஒவ்வொரு நாளும் ஒரு நிறம் இடுப்பு உயரத்தில் தெரு முழுக்க மிதந்துகொண்டிருக்கும். ஆரணிக்குக் குடிவந்த புதிதில், பால் வாங்கப் போகிறவள் பாதித் தெருவில் நின்றுவிடுவேன். குனிந்து அதற்கு அடியில் நுழைந்து போகும்போது கையிலும் முகத்திலும் ஒரு பச்சையோ சிவப்போ படியும். தூக்கம் முழுசாகக் கலையாத நேரம் வேறு. கனவில் பாதியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேனோ என்றிருக்கும்.

அப்புறம் கொஞ்ச வருஷமாகக் காலையில் பாவு கண்ணில் படவில்லை. நான் பள்ளிக்கூடம் கிளம்பும் வரை தெரு வெறுமனே கிடக்கும். ஜனங்களுக்கு உடம்பு வணங்கவில்லை, செல்போனைப் பார்த்துவிட்டு லேட்டாக எழுந்திருக்கிறார்கள் என்று நானே ஒரு தீர்ப்பு எழுதி வைத்துக்கொண்டேன். தீர்ப்பு எழுதுவதில் நான் கெட்டிக்காரி. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள் அல்லவா.

என் காரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் அப்பாவும் அம்மாவும் கலசப்பாக்கம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து என்னைப் படிக்க வைத்தவர்கள். வேலை கிடைத்தது படவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில். ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் எப்போது என்று அந்த ஊர் ரேணுகாம்பாள் அம்மனுக்குத்தான் வெளிச்சம். சந்தவாசலில் இறங்கி, ஷேர் ஆட்டோவுக்குக் காத்து, அதுவும் வராமல், வெயிலில் நடந்து, பிரேயர் முடிந்து உள்ளே நுழைந்து, எல்லார் பார்வையையும் வாங்கிக் கட்டிக்கொண்டு... எத்தனை வருஷம்! கடைசியில் நாற்பத்தைந்தாவது வயதில் ஒரு பழைய டீசல் கார் வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் என் பெயரைப் பார்த்தபோது அழுதுவிட்டேன். எங்கள் வம்சத்துக்கே அதுதான் முதல் கார். காற்று கெட்டுப்போகிறது, காரைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது டிவியில் உட்கார்ந்து சொன்னால், இத்தனை வருஷம் நாங்கள் நடந்தோமே, அப்போது நீங்கள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டு டிவியை அணைத்துவிடுவேன். மறுநாள் வகுப்பில் காற்று மாசு பாடம் நடத்துவேன். வெட்கமே இல்லை.

ஓட்டக் கற்றுக்கொண்டது நான்தான். என் கணவர் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். ஊர் எல்லையில் இருக்கும் ஓர் அரிசி மில்லில் என்ஜின் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் மில் வாசலில் அவரை இறக்கிவிட்டுத்தான் நான் படவேட்டுப் பாதையைப் பிடிப்பேன். மில்லில் பழைய டீசல் என்ஜினைக் கிளப்பியவுடன் லோடு கொடுக்கமாட்டார்கள். பத்து நிமிஷம் சும்மா ஓடி, சூடேறி, சத்தம் ஒரே சீராக வந்த பிறகுதான் பெல்ட்டை மாட்டுவார்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து என் காரில் வைத்தார்.

“ஓடட்டும், ஓடட்டும். இப்பதான் எழுந்துகினு கீது. உன்ன தூக்கத்துல எழுப்பி ஒடனே மூட்ட தூக்கச் சொன்னா தூக்குவியா?” என்பார்.

“மெக்கானிக்கு அரை நிமிஷம் போதும்னு சொல்றாருங்க.”

“அவரு இன்னிக்கு வந்தவரு. நான் என்ஜினோடயே குடித்தனம் பண்றவன்.”

என்னோடு பண்ணுவது என்னவாம் என்று கேட்டால் சிரிப்பார். ஆக, தினமும் பத்து நிமிஷம் எங்கள் வாசலில் கார் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். உள்ளே நாங்கள் பேசிக்கொண்டிருப்போம். மனுஷனுக்கு அவ்வளவு நீளமான கால். இடப்பக்கத்து சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிப்போட்டு, ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை வண்டி நிற்கும்போதே இறுக்கிப் பிடித்துக்கொள்வார். மடியில் ஒரு பொட்டலம் வறுத்த மல்லாட்டை. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். உடைத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, தோலைக் கீழே விடுவார். “இது காரா, மாட்டுக் கொட்டாயா?” என்று நான் கத்துவேன். அவர் இன்னொன்றை உடைப்பார். எங்கள் குடித்தனத்தில் வேறு யாரும் குறுக்கே வராமல் நாங்கள் பேசிக்கொண்ட நேரம் என்று பார்த்தால் அந்தப் பத்து நிமிஷங்கள்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம் மில்லில் இருந்து போன் வந்தது. நெஞ்சு வலி என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. இதை நீட்டி எழுத எனக்குத் தெம்பில்லை.

காரியமெல்லாம் முடிந்து மறுபடி பள்ளிக்கூடம் கிளம்பிய முதல் நாள், பழக்கத்தில் காரைக் கிளப்பிவிட்டுக் கை கட்டி உட்கார்ந்தேன். பனிக்காலம் முடிகிற சமயம். கண்ணாடியில் லேசாக ஆவி பிடித்திருந்தது. டீசல் வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது முழு உடம்பும் குலுங்கும். இடப்பக்கத்து சீட்டும் குலுங்கியது. ஆள் உட்கார்ந்து காலாட்டினால் எப்படி ஆடுமோ அப்படி. மேலே அந்தக் கைப்பிடி மெள்ள அசைந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவார் என்று தோன்றியது. முன்னாலேயே பார்த்துக்கொண்டு, “என்னங்க, கேஸ் தீந்துபோச்சு, புக் பண்ணணும்” என்றேன். அதுதான் நான் அவரிடம் முதலில் சொன்னது. சொன்னதும் உடம்பு லேசாகிவிட்டது.

அன்றிலிருந்து தினமும். ஏழு முப்பத்தைந்துக்குக் கிளப்பினால் ஏழு நாற்பத்தைந்து வரை. ஜன்னலை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொல்வேன். எங்கள் பெண் பெங்களூரில் இருந்து போன் பண்ணியது, மாடியில் ஒழுகுவது, தலைமை ஆசிரியர் பேசிய பேச்சு, என் முழங்கால். அவர் பதில் சொல்லமாட்டார். உயிரோடு இருந்தபோதும் மல்லாட்டை வாயில் இருந்தால் பதில் வராது. எனக்கு அது போதுமாக இருந்தது. என்ஜின் ஓடுகிற வரைக்கும் அவர் இருப்பார் என்றும், அணைத்தால் போய்விடுவார் என்றும் ஒரு நம்பிக்கை எனக்குள் எப்படியோ வேர்விட்டுவிட்டது. ஓர் அறிவியல் டீச்சருக்கு இப்படியும் ஒரு பைத்தியமா என்று கேட்காதீர்கள். நானே கேட்டாகிவிட்டது.

பிறகு கிளம்பிப் போவேன். ஆரணியைத் தாண்டினால் சாலை இரண்டு பக்கமும் நெல், கரும்பு, நடுநடுவே புளியமரங்கள். சந்தவாசலுக்கு முன்னாலேயே ஜவ்வாது மலை தெரிய ஆரம்பிக்கும். பனி இருக்கும் நாட்களில் மலையின் கால் தெரியாது, தலை மட்டும் ஆகாயத்தில் நிற்கும். ஒரு வளைவில் காணாமல் போய், அடுத்த வளைவில் இன்னும் கிட்டே வந்திருக்கும். நான் ஓட்டுகிறேனா, மலை என்னை இழுக்கிறதா என்று தெரியாது. இடப்பக்கத்து சீட் காலியாக, பின்னால் தள்ளினது தள்ளினபடி, என்னோடு வரும்.

அந்த சீட்டில் நான் யாரையும் உட்காரவிடவில்லை. எங்கள் பள்ளிக்குப் பக்கத்து ஊர் துணை சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ் இருக்கிறார். ஆரணியில்தான் வீடு. தினமும் என் வழியில் ஒரு பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருப்பார். “டீச்சர், நானும் அங்கதாங்க போறேன்” என்று ஒரு நாள் கேட்டார். பின் சீட்டில் உட்காரச் சொன்னால், பின்னால் உட்கார்ந்தால் தனக்கு வாந்தி வரும் என்றார். “இன்னிக்கு வேற வழியா போறேம்மா” என்று பச்சையாகப் பொய் சொல்லிவிட்டு அவர் கண் முன்னாலேயே நேராக அதே வழியில் போனேன். எங்கள் பள்ளிக் கணக்கு சார் வேறு. அவருக்கும் ஆரணி, அவருக்கும் ஒரு கார். தினமும் அவர் கார் முன்னால், என் கார் பின்னால். இரண்டு வண்டி, இரண்டு தலை, மீதியெல்லாம் காற்று. “ஒரே வண்டியில போலாமே டீச்சர், ஒரு வாரம் உங்களுது, ஒரு வாரம் என்னுது” என்று அவர் மூன்று தடவை கேட்டார். பார்க்கலாம் சார் என்று மூன்று தடவை சொன்னேன்.

இந்த நிலைமையில்தான் அந்த அட்டைகள் வந்தன.

போன வருஷம் அறிவியல் கண்காட்சிக்கு எட்டாம் வகுப்புக்கு ஒரு சோதனை கொடுத்தேன். வெள்ளை அட்டையில் வேசலின் தடவி, வெவ்வேறு இடத்தில் ஒரு வாரம் மாட்டி வைத்து, எதில் அதிகம் கரி ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பள்ளி வாசலில் ஒன்று, சந்தவாசல் பஸ் ஸ்டாப்பில் ஒன்று என்று பிள்ளைகள் மாட்டினார்கள். ஆரணி பஸ் நிலையத்துக் கடை ஒன்றிலும் என் வீட்டு கேட்டிலும் நான் மாட்டினேன். என் வீட்டு அட்டைக்குக் கீழே ‘சுத்தமான தெரு’ என்று கொட்டை எழுத்தில் முன்கூட்டியே எழுதியும் வைத்துவிட்டேன். எங்கள் தெருவில் லாரி இல்லை, பஸ் இல்லை, நூலும் தறியும்தான். வேறென்ன வரும்?

ஒரு வாரம் கழித்து கேட்டில் இருந்து கழற்றினால், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ் நிலையத்து அட்டை சாம்பல் நிறம். என் அட்டை கறுப்பு. ‘சுத்தமான தெரு’ என்ற எழுத்தே பாதி தெரியவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! பக்கத்து வீட்டில் கஞ்சி காய்ச்ச வெளியே விறகு அடுப்பு வைத்திருக்கிறார்கள். அந்தப் புகைதான் என்று அந்த நிமிஷமே தீர்ப்பாகிவிட்டது. அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அங்கே போனேன். அந்த வீட்டு அக்கா என் வயசுதான். ஆனாலும் நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். தறியில் இருந்து எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“இன்னா டீச்சர், கைல இன்னா அது?”

“உங்க அடுப்பு பண்ண வேலைக்கா. பாருங்க. இத்தனையும் நம்ம மூச்சுக்குள்ள போவுது. கேஸ் அடுப்பு வாங்கக் கூடாதா?”

அக்கா அட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பட்டு நூலில் ஒரு சின்ன முடிச்சு இருந்தாலும் கண்டுபிடிக்கிற விரல் அது.

“இது வெறகுக் கரி இல்ல டீச்சர். வெறகுக் கரி நெருநெருன்னு இருக்கும். இது மையி மாதிரி கீது, நாத்தமும் அடிக்குது. டீசலு” என்றார். பிறகு மெதுவாக, “எனுக்கு இது நல்லா தெரியும். மூணு வருசமா பாத்துகினு தான கீறேன்” என்றார்.

கேட்டைப் பார்த்தேன். கேட்டுக்கு முன்னால் என் கார். காரின் புகைக்குழாய் அட்டை தொங்கிய இடத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு பார்வையில் சொல்லியிருக்கும்.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. நாளைக்குப் பாவு என்றால் இன்றைக்குச் சாயங்காலமே, வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு வீட்டுக்கு வீடு சொல்லிவிடுவார்கள். வண்டிகளைத் தெரு முனைப் பிள்ளையார் கோயிலிடம் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். என் கணவர் இருந்தவரை அவர்தான் கேட்டுவந்து சொல்வார். அவர் போனபிறகு யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கார் என் வாசலிலேயே நின்றது.

“அவரு தவறின வருசம் ஒரு சந்தனக் கலரு பாவு போட்டிருந்தோம். ஒங்க வண்டிக்குப் பின்னால இருந்து மேக்கால நீட்டினோம். ஈரக் கஞ்சில கரி ஒட்டிகிச்சி. அலசியும் போவல. அப்பறம் அரக்குக் கலர்ல முக்கி எடுத்தோம். அதுக்கப்பறம் வெளுத்த கலரு வந்தா அடுத்த தெருவுல போயி நீட்டுவோம். குச்சி, கயிறு, கஞ்சி, எல்லாத்தையும் தூக்கிகினு போவணும். பேஜாருதான். மத்த கலருக்கு நீங்க கெளம்பின பின்னால, எட்டு மணிக்கு மேல நீட்டுவோம்.”

“எட்டு மணிக்கா? வெயில் ஏறிடுமேக்கா.”

“ஏறிடும். நூலு வெறைச்சிகினு அறுந்துகினே இருக்கும். முடிச்சி போட்டுகினே இருப்போம்.”

தெருவே சோம்பேறியாகிவிட்டது என்று நான் தீர்ப்பு எழுதிய மூன்று வருஷம் இதுதான் நடந்திருக்கிறது. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. ஏன் சொல்லல?” என்றேன்.

எப்போதும் ‘நீங்க’ என்கிறவர் அன்றைக்கு ‘நீ’ என்றார். “எப்பிடி சொல்றது? நீ அவரோட பேசிகினு இருந்த.”

எனக்குக் காதில் ரத்தம் ஏறியது. “கேட்டுச்சா?”

“டீசலு வண்டி சத்தத்துல கேக்கணும்னு நீ கத்தித்தான பேசற? தெருவுக்கே கேக்கும். கேஸ் புக் பண்ணது கூட கேக்கும். டீச்சரு பேசிட்டு போவட்டும், அப்பறம் நீட்டிக்கலாம்னு எல்லாரும் உள்ள உக்காந்துகினு இருப்போம்.”

அவ்வளவுதான். அந்தப் படியிலேயே உட்கார்ந்து நான் அழுதேன். வெட்கத்தில் பாதி, வேறென்னவோ பாதி. அக்கா அட்டையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். என் கன்னத்தில் கரி பட்டுவிட்டது என்று வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தபோதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை ஏழு முப்பத்தைந்துக்குக் காரில் ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பவில்லை. ஜன்னலை இறக்கினேன். முதன்முறையாக அந்த நேரத்தில் தெருவைக் கேட்டேன். நாலு வீடு தள்ளி ஒரு தறி அடிக்கும் சத்தம், குக்கர் விசில், எங்கேயோ ஒரு கோழி. இடப்பக்கத்து சீட் அசையவில்லை. கைப்பிடி அசையவில்லை. “என்னங்க” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் வரவில்லை. கிளம்புவதற்கு முன்னால் மட்டும் என்ஜினைக் கிளப்பி, அரை நிமிஷத்தில் நகர்ந்தேன். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மெக்கானிக் சொன்னது சரி.

இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. டீசல் ஊற்றினால்தான் வருவீர்களா என்று மனசுக்குள் கேட்டேன். ஒரு கட்டத்தில் கை தானாகவே சாவிக்குப் போனது. ஒரே ஒரு நாள், பத்தே நிமிஷம், யாருக்குத் தெரியப்போகிறது? அப்போது எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு திரை விலகி, உடனே மூடிக்கொண்டது. நான் பேசி முடிக்கட்டும் என்று உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள்! நான் சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவரை நான் இரண்டாவது தடவையும் அனுப்பிவிட்டேன் என்று தோன்றியது. அன்றைக்கு மலை கண்ணுக்கே படவில்லை. பனி என்று நினைத்தேன். பனி இல்லை, கண்தான்.

அந்த வழியில் நர்ஸ் நின்றுகொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்தினேன். காலியான சீட்டைப் பார்த்துக்கொண்டு போவதற்கும் இனி தெம்பில்லை, அதுதான் உண்மை. காற்றைக் காப்பாற்றும் பெரிய மனசெல்லாம் அந்த நிமிஷத்தில் எனக்கு இல்லை. “நாளையிலிருந்து என் வண்டியில வந்துடும்மா, முன் சீட்டுலயே உக்காந்துக்கலாம்” என்றேன். “இன்னிக்கு?” என்று கேட்டார். “நாளைக்கு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஒரு நாள் அவகாசம் வேண்டும்போலிருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு சாரிடமும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மெய்யாலுமா டீச்சர்?” என்றார்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா கேட்டைத் தட்டினார். உள்ளே வரவில்லை. வெளியிலேயே நின்று, “நாளைக்குக் காத்தால ஆறு மணிக்கு பாவு. சந்தனக் கலரு. வண்டிய முனையில விட்டுடறீங்களா டீச்சர்?” என்றார்.

மூன்று வருஷத்துக்கு அப்புறம் அந்தத் தெரு என்னிடம் ஒன்றைக் கேட்டது. “இதோ விட்டுடறேன்க்கா” என்று செருப்பைக்கூடப் போடாமல் சாவியை எடுத்தேன். பிள்ளையார் கோயில் பக்கத்தில் வேப்பமரத்தடியில் காரை நிறுத்திவிட்டு வெறுங்காலோடு நடந்து வந்தேன்.

மறுநாள் விழித்தபோது ஜன்னலில் ஒரு மங்கலான பொன் வெளிச்சம். வெளியே வந்தால் தெரு முழுக்கச் சந்தன நிறம். என் வாசலில், கார் நின்ற அதே இடத்தில் இருந்து தொடங்கி, கோயில் வரைக்கும் ஓடியது. குளிர் இன்னும் விலகவில்லை. கஞ்சி வாசனை. தெருக்காரர்கள் இரண்டு பக்கமும் நின்று, யாரும் சத்தம் போடாமல் இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏழரை மணிக்குப் பள்ளிக்கூடம் கிளம்பி, நான் கைப்பையோடு அதன் ஓரமாகவே நடந்தேன். நடக்க நடக்க அது முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மறுமுனையில், என் காருக்கு இருபதடி தள்ளி, தளர்ந்த கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கோயிலிடம் வந்துவிடும்படி இரண்டு பேரிடமும் முதல் நாள் ராத்திரியே போனில் சொல்லியிருந்தேன். கணக்கு சார் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார், கதவைத் திறந்ததும் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். நர்ஸ் டிபன் பையோடு ஓடிவந்தார். குள்ளமான மனுஷி. இடப்பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்ததும் சீட்டில் பாதிக்குள் காணாமல் போனார். கால் நீட்டினாலும் முன்னால் எதுவும் எட்டவில்லை. நான் என் பக்கம் ஏறி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“டீச்சர், இத கொஞ்சம் முன்னால தள்ளிக்கிட்டுமா? யாரு இவ்ளோ பின்னால போட்டு வச்சிகினு இருந்தாங்க?”

அந்த சீட் அவருடைய காலின் நீளம். உலகத்தில் அந்த அளவு வேறெங்கும் இல்லை. தள்ளினால் திரும்பச் சரியாக அதே இடத்துக்குக் கொண்டுவர என்னால் முடியாது. நர்ஸ் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தள்ளிக்கோம்மா” என்றேன். “அடியில ஒரு கம்பி இருக்கும். தூக்கிட்டு இழு.”

மூன்று வருஷமாக அசையாத சீட். கிரீச்சென்று கத்திக்கொண்டு முன்னால் வந்தது. அதோடு சேர்ந்து, அடியில் இருந்து எதுவோ சலசலவென்று கொட்டியது. நர்ஸ் காலைத் தூக்கிக்கொண்டு, “ஐயோ, இன்னாது டீச்சர் இது?” என்றார்.

குனிந்து பார்த்தேன். மல்லாட்டைத் தோல். ஒன்றல்ல, இரண்டல்ல. சீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி இருக்கும் கம்பிக்குப் பின்னால், என் துடைப்பத்துக்கு எட்டாத இடமாகப் பார்த்து, அள்ளி அள்ளி ஒதுக்கி வைத்திருக்கிறார். தினமும் நான் கத்திய பிறகு காலால் உள்ளே தள்ளிவிட்டிருக்கிறார், மனுஷன்!

“அட பாவி மனுஷா!” என்று கத்திவிட்டேன். “கீழ போடாதீங்கன்னு தலதலயா அடிச்சிக்கினேனே, கேட்டீங்களா? இது காரா, மாட்டுக் கொட்டாயா? இப்ப யாரு கூட்றது இத? நீங்க வந்து கூட்டுவீங்களா? வாயில மல்லாட்டைய போட்டுகினு ஊமையா ஒக்காந்துட்டா ஆச்சா?”

கத்தி முடித்தபிறகுதான் தெரிந்தது. என்ஜின் ஓடவில்லை. ஜன்னல்கள் திறந்திருந்தன. சாவி இன்னும் என் உள்ளங்கையில் இருந்தது. சார் ஜன்னல் வழியாகப் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் ஒன்றும் புரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அடக்கவே முடியவில்லை.

பாவின் முனையைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டு அக்கா கையை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பினார்.

“இன்னா டீச்சர், வந்துட்டாரா?”

“வந்துட்டாருக்கா” என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, பாவு என் கண்ணாடியில் சின்னதாகத் தெரிவதைப் பார்த்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பி உடனே நகர்த்தினேன்.